உரையாடல் தொடரட்டும்

"மனித குலம் ஒரு காலத்தில் நெருப்பைக் கண்டுபிடித்தது. பிறகு சக்கரத்தைக் கண்டுபிடித்தது. இன்று, இந்தத் திருப்பூர் மாநகரில், மரணத்தை வாசலிலேயே நிறுத்தி அடையாள அட்டை கேட்கும் வல்லமையைக் கண்டுபிடித்திருக்கிறது" என்று உயிர்த்துளிர் மனநல மையத்தின் இயக்குநர் டாக்டர் வைத்தீஸ்வரன் திறப்பு விழாவில் முழங்கினார்.

கைதட்டல் ஓய்ந்ததும் ரிப்பன் வெட்ட அமைச்சர் கையை நீட்டினார். தட்டில் கத்தரிக்கோல் இல்லை. மையத்துக்குள் கூர்மையான பொருள் எதுவும் வரக்கூடாது என்று உத்தரவு போட்டவர் டாக்டர்தான். ஊரே துணி வெட்டிப் பிழைக்கும் திருப்பூரில், அன்று காலை ஒரு முழ ரிப்பனை வெட்ட வழியில்லாமல் போயிற்று. அமைச்சர் முடிச்சை நகத்தால் நெருடிப் பார்த்தார். கடைசியில் அவருடைய உதவியாளர் குனிந்து பல்லால் கடித்து அவிழ்த்தார். மனித குலம் உள்ளே நுழைந்தது.

உள்ளே ஒவ்வொரு ஆலோசனை அறையிலும் மேசை நடுவில் உட்கார்ந்திருந்தது உயிர்க்காவல். பார்ப்பதற்கு இட்லிக் குண்டானின் மூடி மாதிரி இருக்கும். அறையில் பேசுகிறவரின் குரலைக் கேட்கும். நம் காதுக்கு எட்டாத நடுக்கம், இழுவை, மூச்சின் தடுமாற்றம் எல்லாவற்றையும் எடைபோட்டு, இந்த மனிதர் தன் உயிரை முடித்துக்கொள்ளும் எண்ணத்தில் இருக்கிறாரா என்று விளக்கு போட்டுச் சொல்லிவிடும். பச்சை என்றால் ஆபத்தில்லை. ஒரு துளசிச் செடியும் புன்னகைப் பயிற்சித் துண்டறிக்கையும் கொடுத்து வீட்டுக்கு அனுப்பலாம். வீட்டாருக்கும் 'பச்சை' என்று குறுஞ்செய்தி போய்விடும். மஞ்சள் என்றால் வாரம் ஒருமுறை ஒரு கணினிக் குரல் தொலைபேசியில் கூப்பிட்டு நலம் விசாரிக்கும். சிவப்பு என்றால் சைரன், வண்டி, ஆரஞ்சு நிறக் கோட்டு போட்ட மீட்புக் குழு.

கருவியோடு கூடவே கேள்வித் தடையும் வந்தது. பயிற்சி வகுப்பில் டாக்டர் அதை அறிவித்தபோது, தாராபுரத்திலிருந்து வந்து இங்கே ஆலோசகராக இருக்கும் அமுதவல்லி எழுந்து நின்றாள்.

"முன்னாடியெல்லாம் நாங்களே நேராக் கேட்டுருவோம் சார். சாகணும்னு நெனப்பு வருதுங்களான்னு. படிச்சப்ப அப்படித்தான் சொல்லிக் குடுத்தாங்க. கேட்டா இல்லாத நெனப்பு புதுசா வந்துராது, கேட்டாத்தான் இருக்கறதைச் சொல்லுவாங்கன்னு."

"அதெல்லாம் தெர்மாமீட்டர் வர்றதுக்கு முந்தின காலம் அம்மா. நெத்தியத் தொட்டுப் பாத்து ஜுரம் சொன்ன காலம்."

"நெத்திய இப்பவும் தொட்டுத்தான் சார் பாக்கறோம்."

வகுப்பில் சிரிப்பு எழுந்தது. டாக்டர் சிரிப்பு அடங்கும்வரை கண்ணாடியைத் துடைத்தார். "நீங்க அந்தக் கேள்வியக் கேட்டா, வந்தவர் குரல்ல ஒரு அதிர்வு வரும். அது உங்க கேள்வியால வந்ததா, அவர் உள்ள இருக்கறதால வந்ததான்னு கருவிக்குத் தெரியாது. அதோட கணக்கு கெட்டுப்போகும். கெட்டுப்போனா யாரு பொறுப்பு?"

"அப்ப நாங்க என்னதான் சார் கேக்கறது?"

"கேக்கவே வேண்டாம். பேசுங்க. நம்பிக்கையாப் பேசுங்க. கேக்கற வேலையை அது பாத்துக்கும்."

பேசாமல் இருக்கவும் முடியாது. அறையில் நாலு மூச்சு நேரம் மௌனம் விழுந்தால் மூடிக்குள்ளிருந்து ஒரு பெண் குரல் தேன் ஒழுக, "உரையாடல் தொடரட்டும்" என்று சொல்லும். அடிக்கடி அப்படிச் சொல்ல வைத்தவர்களுக்குப் பணி மதிப்பீட்டில் ஒரு கறுப்புப் புள்ளி விழும். முன்பெல்லாம் மௌனம் என்பது ஆலோசகர்களின் பெரிய ஆயுதம். வந்தவர் எதிரே சும்மா உட்கார்ந்திருப்பார்கள். அவர் மெல்ல மெல்ல அவிழ்வார். இப்போது அதற்கு யாருக்கும் துணிச்சல் இல்லை.

ஆகவே பேசினார்கள். டாக்டர் வைத்தீஸ்வரன், தான் எளிய குடும்பத்தில் பிறந்து தெருவிளக்கில் படித்த வரலாற்றைப் பேசினார். அது பல அமர்வுகளுக்கு நீளும். நாகர்கோவிலிலிருந்து வந்த எஸ்தர், புயலில் சிக்கிக் கரை சேர்ந்த படகுகளைப் பற்றிப் பேசினாள். அமுதவல்லி வலையிலிருந்து விழுந்து விழுந்து ஏறும் சிலந்தியில் தொடங்கினாள். சிலந்தி சீக்கிரமே தீர்ந்துவிட்டதால் தன் சொந்தக் கதைக்கு வந்தாள்: அவிநாசி ரோட்டில் கட்டிக்கொண்டிருக்கும் வீடு, கொத்தனாரின் அழிச்சாட்டியம், மாமியாரின் முட்டி அறுவைச் சிகிச்சை. துன்பங்களை எப்படிக் கடப்பது என்பதற்கு எல்லாமே உதாரணம்தான். மூடி பச்சையாகவே எரிந்தது.

எல்லாருக்கும் எரிந்தது. பிருந்தாவுக்கும் எரிந்தது. எஸ்தரிடம் வந்துகொண்டிருந்த கல்லூரிப் பெண் அவள். வந்த ஒவ்வொரு முறையும் பச்சை. ஒரு திங்கட்கிழமை அவள் வரவில்லை. அப்புறம் வரவே இல்லை. அவளுடைய அப்பா மையத்துக்கு வந்து, முன்கூடத்தில் நின்று, "பச்சைன்னுதானுங்க சொன்னீங்க?" என்று மட்டும் கேட்டார். கடைசி அளவீடு பச்சை என்பதால் நடந்ததற்கும் மையத்துக்கும் தொடர்பில்லை என்று டாக்டர் ஒரு சான்றிதழ் கொடுத்தார். அதில் கருவியின் படமும் இருந்தது. எஸ்தர் சில நாள் விடுப்பில் போய்த் திரும்பி வந்தாள். அதற்குப் பிறகு முன்னைவிட அதிகமாகப் பேசினாள். பேச்சை நிறுத்தினால் அவளுக்கு அந்தப் பெண்ணின் முகம் வந்தது.

நாச்சிமுத்துவை மையத்துக்கு அனுப்பியது அவருடைய பனியன் கம்பெனி. கட்டிங் மாஸ்டர், நாற்பது வயதைத் தாண்டியவர். இப்போது துணியை ஒளிக்கதிர் வெட்டுகிறது. அது வெட்டுவதை அவர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அவர் பார்க்கிறாரா என்பதை ஒரு கேமரா பார்த்துக்கொண்டிருக்கும். அந்தக் கேமராதான் அவர் ஒருநாள் வெகுநேரம் எதையும் பார்க்காமல் நின்றதைக் கண்டுபிடித்து மேலே சொன்னது.

அவர் அமுதவல்லியிடம் வந்து போகத் தொடங்கிச் சில வாரங்கள் ஆகியிருந்தன. அவருடைய கோப்பில், 'ஒத்துழைக்கிறார், அதிகம் பேசுவதில்லை, பச்சை' என்று இருந்தது. அவரிடம் கேட்டிருந்தால் அமுதவல்லியைப் பற்றி ஒரு வாழ்க்கை வரலாறே சொல்லியிருப்பார்.

அன்று உள்ளே வந்து உட்கார்ந்ததும் அவர்தான் விசாரித்தார்.

"மாமியாருக்கு முட்டி இப்பத் தேவலைங்களா மேடம்?"

"தேவலைங்ணா. வாக்கர் வெச்சு நடக்கறாங்க. பாத்தீங்களா, அந்த வயசுல அவங்களே எந்திரிச்சு நடக்கறாங்கன்னா…"

"ம்."

"…நாமெல்லாம் எந்திரிக்க முடியாதுங்களா? வீட்டு வேலையும் அப்படித்தான். கான்கிரீட் போட்டாச்சு. இனிப் பொறுமையாத் தண்ணி ஊத்திட்டு இருக்கோணும். அவசரப்பட்டா விரிசல் விட்டுரும். மனசும் அந்த மாதிரிதானுங்ணா."

"தண்ணி ஊத்தறதை மட்டும் நிறுத்தீராதீங்க" என்றார் நாச்சிமுத்து அக்கறையோடு. பிறகு தன் கையைப் பார்த்தபடி, "என்ற சேவலைப் பக்கத்து வூட்டுக்குக் குடுத்துட்டனுங்க" என்றார்.

அமுதவல்லியின் பேச்சு நின்றது. அந்தச் சேவலைப் பற்றி அவருடைய மனைவி ருக்மணி முதல் நாளே சொல்லியிருந்தாள். குஞ்சிலிருந்து வளர்த்தது. அவர் சாப்பிடும்போது தட்டின் ஓரத்தில் அதற்கும் ஒரு கவளம் வைப்பார்.

"ஏனுங்ணா?"

"அவிங்க நல்லாப் பாத்துக்குவாங்க. வண்டியையும் மச்சானை எடுத்துக்கச் சொல்லிட்டேன். இனி எனக்கெதுக்குங்க அதெல்லாம்."

கேள்வி அவள் தொண்டைவரை வந்து நின்றது. அவர் நிமிர்ந்து அவளையே பார்த்தார்.

"உரையாடல் தொடரட்டும்" என்றது மூடி.

"வாக்கரை விட்டுட்டு நடக்க இன்னும் ஒரு மாசம் ஆகும்னு டாக்டர் சொல்லியிருக்காருங்ணா" என்றாள் அமுதவல்லி.

"ஆகட்டுங்க" என்றார் அவர். கண்களைத் தாழ்த்திக்கொண்டார். மூடி பச்சையாக எரிந்தது. போகும்போது துளசிச் செடியை நீட்டினாள். "வூட்ல தொளசி வெக்க எடமில்லீங்க மேடம்" என்று கூச்சத்தோடு சொல்லி, அதையும் வாங்கிக்கொண்டு போனார்.

அவள் நேரே டாக்டரின் அறைக்குப் போனாள். எஸ்தர் அங்கே ஏதோ கையெழுத்துக்காக நின்றிருந்தாள்.

"சார், ஒருத்தர்கிட்ட அந்தக் கேள்வியக் கேக்க அனுமதி வேணும்."

"என்ன கலரு?"

"பச்சை சார். ஆனா அவரு உசுரா வெச்சிருந்ததையெல்லாம் எடுத்து எடுத்துக் குடுத்துட்டிருக்காரு. இது அபாய அறிகுறின்னு முதல் வருசமே படிச்சதுங்க சார்."

"தானம் பண்றது நல்ல குணம் அம்மா. அதுவே ஒரு தேறுதலுக்கு அடையாளமா இருக்கலாம்."

"சார், பிருந்தாவும் பச்சைதான்" என்றாள் எஸ்தர். அவள் டாக்டரைப் பார்க்காமல் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்துச் சொன்னாள்.

அந்தப் பெயர் டாக்டரையும் சற்று அசைத்திருக்க வேண்டும். "நான் கல் நெஞ்சுக்காரன் இல்ல" என்றார். "முறைப்படி போவோம். ஒரு குழு போட்டு, கருவி பாதிக்காத மாதிரி ஒரு வாசகம் தயார் பண்ணுவோம். அந்த வாசகத்துல நீங்க தாராளமாக் கேக்கலாம்."

மறுநாள் மதியம் குழு கூடியது. டாக்டர், சட்ட ஆலோசகர், தமிழ் வளர்ச்சிப் பிரிவிலிருந்து ஒருவர், குறிப்பெடுக்க எஸ்தர். முதல் வரைவு: 'வாழ்வின் தொடர்ச்சி குறித்துத் தங்களுக்கு மாற்றுக் கருத்து உண்டா?' மாற்றுக் கருத்து என்பதில் அரசியல் நெடி அடிப்பதாகச் சட்ட ஆலோசகர் ஆட்சேபித்தார். இரண்டாவது வரைவு: 'தங்கள் எதிர்காலத் திட்டங்களில் தாங்கள் இடம்பெற்றிருக்கிறீர்களா?' இதில் 'தங்கள்', 'தாங்கள்' என்று ஒரே வரியில் வருவது செவிக்கு இனிமையாக இல்லை என்று தமிழ் வளர்ச்சி வருந்தியது. தேநீர் வந்தது.

அதே நேரத்தில் அமுதவல்லி தன் அறையிலிருந்து ருக்மணிக்குப் போன் போட்டாள்.

"வீட்ல அண்ணன் எப்படி இருக்காருங்க?"

"நான் எங்கம்மா ஊருக்கு வந்திருக்கறனுங்க மேடம். இத்தனை நாளு அவரை விட்டு அக்கட்டால இக்கட்டால நகரலீங்க. நேத்துப் பச்சைன்னு மெசேஜ் வந்துச்சுங்களா, சரி, இனிப் பயமில்லீன்னு காத்தால பஸ் ஏறிட்டேன்."

"அப்ப அவரு தனியாவா இருக்காரு?"

"ஏனுங் மேடம்? பச்சைதானுங்களே?"

"நீங்க உடனே திரும்பி வாங்க. பயப்படாதீங்க, நான் அவரைக் கூப்பிடறேன். ஆனா வாங்க."

நாச்சிமுத்துவின் போன் வெகுநேரம் அடித்தது. அவர் எடுத்தபோது என்ன சொல்வதென்று அவளுக்குத் தோன்றவில்லை. "ஒரு கையெழுத்து விட்டுப்போச்சுங்ணா. இப்பவே வரோணும்" என்று பொய் சொன்னாள்.

"இப்பவேங்களா?"

"இப்பவேங்ணா. நான் லைன்லயே இருக்கேன். பேசிட்டே வாங்க."

வந்துவிட்டார். கையெழுத்து என்றால் வராமல் இருக்கத் தெரியாத தலைமுறை. சட்டையைக்கூட மாற்றிக்கொண்டு, தலையைத் தண்ணீர் தொட்டு வாரி, ஒரு பேனாவோடு வந்து உட்கார்ந்தார்.

"எங்கீங்க போடோணும்?"

"கையெழுத்து இல்லீங்ணா. உங்களை ஒண்ணு கேக்கோணும்." எத்தனையோ பேரிடம் கூசாமல் கேட்ட கேள்வி. புழங்காமல் கிடந்து நாக்கில் துருப்பிடித்திருந்தது. "உங்களுக்குச் சாகோணும்னு நெனப்பு வருதுங்களா?"

அவர் பேனாவின் மூடியைக் கழற்றினார், மாட்டினார்.

"உரையாடல் தொடரட்டும்."

அவள் வாயைத் திறக்கவில்லை.

"உரையாடல் தொடரட்டும்."

கறுப்புப் புள்ளி விழட்டும் என்று உட்கார்ந்திருந்தாள். பக்கத்து அறையில் யாரோ தேநீருக்குச் சர்க்கரை போதவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"உரையாடல் தொடரட்டும்."

"பாவம், அதுக்கு என்ன அவசரமோ" என்றார் நாச்சிமுத்து. பிறகு, "வருதுங்க அம்மணி" என்றார்.

இத்தனை நாளும் மேடம் என்று கூப்பிட்டவர்.

"எப்ப இருந்துங்ணா?"

அவர் சொல்ல ஆரம்பித்தார். போன வருடம் அண்ணன் இறந்ததிலிருந்து தூக்கம் கெட்டது. கம்பெனியில் நாள் முழுக்க நின்றாலும் கைக்கு வேலையில்லை. வீட்டுக்கு வந்தால் கை பரபரவென்று ஏதாவது கேட்கிறது. பெங்களூரில் இருக்கிற மகள் தினமும் கூப்பிட்டுச் சாப்பிட்டீங்களாப்பா என்று கேட்கிறாள். சாப்பிட்டேன் என்றதும் வைத்துவிடுகிறாள். அந்தப் பிள்ளை மேல் குற்றமில்லை, கேட்டதற்குத்தானே பதில் சொல்ல முடியும்.

"எல்லாரும் நல்லா இருக்கீங்களான்னுதானுங்க கேக்கறாங்க. நல்லா இருக்கறேன்னு சொல்லலீன்னா அவிங்களுக்குச் சங்கடம். இதை யாராச்சும் கேட்டுட்டா சொல்லீரலாம்னுதான் நானும் இருந்தேன். நீங்க ஒவ்வொரு தடவையும் கேக்கற மாதிரியே வருவீங்க. அப்பறம் மாமியா முட்டிக்குப் போயிருவீங்க."

அமுதவல்லிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. "தப்புதானுங்ணா" என்றாள். எதை நினைத்து வைத்திருக்கிறார் என்று மட்டும் தேவையான அளவுக்குக் கேட்டாள். அவர் சொன்னார். மதியம் போன் வந்தபோது என்ன செய்துகொண்டிருந்தார் என்பதையும் சொன்னார். அவள் முகம் வெளிறியதைப் பார்த்து, "வந்துட்டனுங்களே" என்று அவரே ஆறுதல் சொன்னார்.

பிறகு இருவருமாகப் புன்னகைப் பயிற்சித் துண்டறிக்கையின் வெற்றுப் பக்கத்தில் எழுதினார்கள். நினைப்பு வரும்போது முதலில் யாரைக் கூப்பிடுவது. அவர் எடுக்காவிட்டால் யாரை. வீட்டில் எதையெல்லாம் ருக்மணி வந்ததும் கைக்கெட்டாமல் அப்புறப்படுத்த வேண்டும். தூக்கத்துக்கு எந்த மருத்துவரை, யார் கூடப் போய்ப் பார்ப்பது. எழுதும்போதும் அவர் பேசிக்கொண்டே இருந்தார். அடைப்பு எடுத்த குழாய் மாதிரிப் பேசினார். அண்ணனோடு சின்ன வயதில் போட்ட சண்டை, முதல் முதலாகத் துணியில் கத்தி வைத்தபோது கை நடுங்கியது, சேவல் ஒருமுறை தபால்காரரைத் துரத்தியது.

"அதைத் திருப்பிக் கேக்கலாமுங்களா? கேக்க வெக்கமா இருக்குதுங்க. குடுத்து ரெண்டு நாள்தான் ஆச்சு, கொழம்பு வெச்சிருந்தாங்கன்னா…" என்று சொல்லி, பல மாதங்களில் முதல் தடவையாகச் சிரித்தார்.

மூடி சிவப்பாயிற்று.

நடுவில் அது மஞ்சளானதை இருவருமே கவனிக்கவில்லை. சைரன் கட்டடத்தை உலுக்கியது. ஆரஞ்சுக் கோட்டுக்காரர்கள் திபுதிபுவென்று உள்ளே நுழைந்தார்கள். முன்னால் வந்தவர், "சிவப்பு யாருங்க?" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த அமுதவல்லியைப் பார்த்ததும் இரண்டு பேர் அவளுடைய இரண்டு கைகளையும் ஆதரவாகப் பிடித்துக்கொண்டார்கள்.

"அவங்களை விடுங்க" என்றார் நாச்சிமுத்து, பள்ளிக்கூடத்தில் ஆஜர் சொல்வது போலக் கையைத் தூக்கி. "நாந்தானுங்க."

குழுவும் ஓடி வந்தது. இரண்டாவது வரைவு டாக்டரின் கையிலேயே இருந்தது.

"கேட்டுட்டீங்களா?"

"கேட்டுட்டேன் சார்."

"பச்சையா இருந்த மனுசனைச் சிவப்பாக்கிட்டீங்களே அம்மா!"

"சார், அவரு இப்பத்தான்…"

"பேசாதீங்க."

சிவப்பு என்றால் ஓர் இரவு மருத்துவமனையில் கண்காணிப்பில் இருந்தாக வேண்டும். நாச்சிமுத்து திகைத்து அமுதவல்லியைப் பார்த்தார். அவள் துண்டறிக்கையை மடித்து அவர் சட்டைப் பையில் வைத்து, "நானும் வர்றேனுங்ணா" என்று வண்டியில் ஏறிக்கொண்டாள். மருத்துவமனை வாசலில் இறங்கும்போது ருக்மணி போனில் விவரம் தெரிந்து, பஸ் நிலையத்திலிருந்து ஆட்டோ பிடித்து மூச்சிரைக்க வந்து சேர்ந்தாள். அவள் திட்டிய திட்டு வார்டு முழுக்கக் கேட்டது. அவர் தலையைக் குனிந்து, ஒரு சொல் விடாமல் கேட்டுக்கொண்டார்.

அடுத்த வாரம் அமுதவல்லி மேல் விசாரணை. நாச்சிமுத்து அதற்குள் வீட்டுக்கு வந்து, மாத்திரை சாப்பிட்டு, கொஞ்சம் தூங்கவும் தொடங்கியிருந்தார். ஆனால் அமுதவல்லியை இனிப் பார்க்கக்கூடாது என்று அவருக்குக் கடிதம் போயிருந்தது. "அம்மணிகிட்டன்னாப் பேசறேன், வேற யாருகிட்டயும் மறுபடி மொதல்ல இருந்து சொல்ல எனக்குத் தெம்பு இல்லீங்க" என்று ருக்மணியிடம் சொல்லிவிட்டாராம். இதை எஸ்தர்தான் வந்து அமுதவல்லியிடம் சொன்னாள். அமுதவல்லிக்கு வேலை போவதைவிட அதுதான் பெரிதாகப் பட்டது.

டாக்டர் உற்சாகமாக இருந்தார். கேள்வி கேட்டால் ஆபத்து வரும் என்பதற்கு உலகத்திலேயே முதல் நேரடிச் சான்று தன் மையத்தில் கிடைத்திருக்கிறது என்று ஒரு மாநாட்டுக் கட்டுரைக்குத் தலைப்புகூட வைத்துவிட்டார். பணி நீக்க உத்தரவும் தயார். கருவி அன்று சரியாக வேலை செய்தது என்று அதைச் செய்த கம்பெனி உறுதி சொல்ல வேண்டியதுதான் பாக்கி. அதற்காகச் சென்னையிலிருந்து ஹபீபுல்லா என்ற பொறியாளர் வந்தார். மூடியைக் கழற்றித் தன் மடிக்கணினியில் மாட்டி, அன்றைய பதிவை ஓடவிட்டார்.

"கருவி பக்காவா வேலை செஞ்சிருக்கு சார்."

"பாத்தீங்களா?" என்றார் டாக்டர் எல்லாரையும் ஒருமுறை சுற்றிப் பார்த்து. "கேட்ட உடனே ஏறியிருக்கு."

"கேட்ட உடனே இல்ல சார். அவரு பேச ஆரம்பிச்சு ரொம்ப நேரம் கழிச்சுத்தான் மாறியிருக்கு. அதுவரைக்கும் பச்சை மேடத்தோடது."

"எந்த மேடத்தோடது?"

"இதோ, இந்த மேடம்." ஹபீபுல்லா அமுதவல்லியைக் காட்டினார். "அதுக்குக் கண்ணு கிடையாது சார். ரூம்ல ரெண்டு குரல் கேக்கும். அதுல யாரு பேஷண்ட்னு அதுவேதான் முடிவு பண்ணணும். நாங்க சிம்பிளா எழுதுனோம். ஒருத்தர் கஷ்டத்தைச் சொல்ல வந்தவரு, இன்னொருத்தர் கேக்கறவரு. யாரு அதிகமாப் பேசறாங்களோ அவங்கதான் பேஷண்ட். இதுல என்ன தப்பு வந்துடும்னு…" சுற்றியிருந்த முகங்களைப் பார்த்து அவர் மெல்ல நிறுத்திக்கொண்டார்.

எஸ்தர் நாற்காலியை விட்டு எழுந்தாள்.

"பழைய பதிவெல்லாம் இதுல இருக்கா தம்பி?"

"இருக்கு மேடம்."

"பிருந்தான்னு ஒரு பொண்ணு. கடைசியா வந்த நாள்."

அவர் தேடி எடுத்தார். திரையில் ஒரு தடித்த கோடு ஏறி இறங்கி நீளமாக ஓடியது. அதன் அடியில், அங்கங்கே, ஊசி குத்தியது போலச் சில புள்ளிகள்.

"இந்தப் பெரிய கோடு யாரு?"

"உங்க குரல் மாதிரி இருக்கு மேடம்."

"இந்தப் புள்ளியெல்லாம்?"

"அது அவங்க. 'ம்', 'சரிங்க மேடம்'… அவ்ளோதான் இருக்கு."

எஸ்தர் அந்தப் புள்ளிகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். அமுதவல்லி எழுந்து வந்து அவள் பக்கத்தில் நின்றாள்.

டாக்டர் தொண்டையைச் செருமினார். இந்த விவரம் இந்த அறையைத் தாண்டக்கூடாது என்றும், பணி நீக்க உத்தரவு தற்காலிகமாக நிறுத்தி வைக்கப்படுகிறது என்றும், நாச்சிமுத்து விரும்பினால் அமுதவல்லியையே பார்க்கலாம் என்றும் சொன்னார். பிறகு ஹபீபுல்லாவை அருகே அழைத்து, திறப்பு விழாவுக்குப் பிறகு எத்தனை பேருக்கு இப்படி ஆகியிருக்கும் என்று தாழ்ந்த குரலில் கேட்டார். பாதிப் பேருக்குமேல் இருக்காது என்ற நம்பிக்கை அந்தக் குரலில் இருந்தது.

ஹபீபுல்லா எல்லாப் பதிவுகளையும் ஓடவிட்டுப் பார்த்தார். உயிர்க்காவல் வைத்த நாளிலிருந்து, அந்த மையத்தில் ஆலோசகரைவிட அதிகமாகப் பேசிய முதல் ஆள் நாச்சிமுத்து.